மலடு என்று சொல்லாதவள்

"ரெட்டை... ஒண்ணு... ரெட்டை" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்லிக்கொண்டே போவாள் ஹெதர். ஆடு ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் வந்து நிற்கும். இவள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தபடி அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துக் குட்டிகளை எண்ணுவாள். ஜனவரி பிறந்தால் இங்கிலாந்தின் கம்பிரியாவில் எங்கள் மலைப்பண்ணைகளுக்கெல்லாம் இவள்தான். எந்தக் குளிரிலும் கையுறை போடமாட்டாள். போட்டால் ஆடு கோபித்துக்கொள்ளுமாம். நம்பித் தொலைத்தோம்.

குட்டி இல்லாத ஆட்டை நாங்கள் மலடு என்போம். முதுகில் சிவப்புக் கோடு இழுத்துக் கறிச்சந்தைக்கு அனுப்பிவிடுவோம். ஹெதர் வாயில் அந்தச் சொல் வராது. "ஃபெகண்டிட்டி கொஞ்சம் சுணக்கம்" என்பாள்.

"ஆட்டுக்குப் போய் இவ்ளோ பெரிய வார்த்தையாம்மா? சர்ச்சு பிரசங்கத்துலகூட வராதே" என்று சீண்டுவார் என் கணவர் கிளைவ்.

"பெத்துப்போட்டா அது ஃபெர்டிலிட்டி. பெத்துக்கிற தெம்புதான் ஃபெகண்டிட்டி. இந்த வருஷம் சும்மா நின்னா தெம்பே இல்லன்னு ஆயிடுமா? இன்னொரு வருஷம் குடுத்துப் பாருங்க."

தீவனம் விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே அவரும் விட்டுவிடுவார். அப்படிப் பிழைத்த ஆடுகள் எங்கள் மலையில் நிறைய உண்டு.

இந்த ஆண்டு வந்தபோது ஹெதர் யாரிடமும் வாயாடவில்லை. நடுவே தேநீர் குடிக்க வந்தபோது அடுக்களையில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"நானும் அவரும் குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். டாக்டரம்மா ஃபெகண்டிட்டின்னு அதே வார்த்தையத்தான் சொன்னாங்க. எனக்கு அது முடிஞ்சுபோச்சாம். இனிமே முயற்சி பண்ண வேணாம்னுட்டாங்க. ஆட்டுக்குச் சொல்றப்ப எவ்ளோ மரியாதையா இருந்துச்சு."

பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். என்ன பிறவி நான் என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் வெளியே போனதும் கிளைவிடம் காதோடு சொல்லிவைத்தேன்.

பிற்பகலில் காது கிழிந்த ஆடு ஒன்று கூண்டுக்குள் வந்தது. போன வருஷம் இவளே கெஞ்சிக் காப்பாற்றியது. கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கருவியை எடுத்துக் கீழே வைத்தாள். குட்டி இல்லை.

கிளைவ் கையிலிருந்த சிவப்புச் சாய டப்பாவைக் கீழே வைத்தார். "போகட்டும்மா. இன்னொரு வருஷம் பாப்போம். தெம்பு இருக்கும்" என்று கதவைத் திறந்துவிட்டார். ஆடு ஓடியது.

ஹெதர் எழுந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு சேற்றில் அதன் பின்னாலேயே நடந்தாள். வேலி மூலையில் மடக்கி, முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு, கழுத்திலிருந்து வால் வரை அந்தச் சிவப்புக் கோட்டைத் தானே இழுத்தாள்.