வீராவின் கட்டிக்கு இன்று ஸ்கேன்

எங்கள் நாய் வீராவுக்கு விலாப் பக்கம் தோலில் ஒரு கட்டி. இன்று சென்னைக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுத்தோம்.

டாக்டரம்மா திரையில் காட்டினார். வெளியே நெல்லிக்காய் அளவுதான். உள்ளே சதையைத் தாண்டி விலா எலும்பு வரை பரவியிருக்கிறது.

"சின்னதாயிகினு வருதுன்னு சொன்னியே?" என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னேன்தான். கட்டி கரையணும் என்று வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். அடுத்த வாரமே கட்டி பாதியானது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டேன்.

"இந்த வகைக் கட்டி தானா சுருங்கும், திரும்ப வீங்கும். அதை நம்பக் கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா.

"இப்ப வெட்டி எடுத்துடலாங்களா?" என்று கேட்டேன்.

"முழுசா எடுக்க முடியாதும்மா. இருக்கிற வரைக்கும் வலி இல்லாம பாத்துக்கலாம்."

எங்கள் ஊர் ஆரணிக்குத் திரும்பினோம். அம்மனிடம் கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஸ்கேனுக்குப் போட்ட ஊசியின் மயக்கம் தெளிந்த வீரா, வந்ததும் வராததுமாகக் கேட்டில் நின்று பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லாதது நாய்க்கா, உங்களுக்காங்க?" என்கிறார்.