எந்த லைட்டும் எரியல

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். அதைவிடப் பெரிய வியாதி, ஓரிடத்தில் உட்கார முடியாதது. டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பேன். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் வண்டியை உதைத்திருப்பேன். ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கு இது நல்ல குணம் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் நாலு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் போன் வரும். அப்போது நிதானமாக உட்கார்ந்திருந்தால் பிழைப்பு நடக்குமா? கோரிமேட்டு லாட்ஜ் விவகாரத்துக்குப் பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ் அது. மூன்று மாடி. ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, மாசக்கணக்கில் கிடக்கிறவர்களும் உண்டு. ரூம் கூட்டுவது, பெட்ஷீட் துவைப்பது, தண்ணி மோட்டார் போடுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓட்டுவது என்று அங்கே எல்லா வேலைக்கும் ஒரே ஒரு அம்மாதான். நாற்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்ன ரூமில் அந்தம்மாவும் பன்னிரண்டாவது படிக்கிற மகளும் இருந்தார்கள். வேலை போனால் அந்த ரூமும் போகும். லாட்ஜில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகவே தெரியும்.

அங்கிருந்த ஜெனரேட்டர் முதலில் வெறும் சுவிட்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் தீர்ந்தாலும் ஓடும், தண்ணி கொதித்தாலும் ஓடும். அப்படியே ஓடி ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அதைப் பிரித்துச் சரி செய்த கையோடு, இனிமேல் இந்த வம்பே வேண்டாம் என்று ஓனர் ஒரு சாவி பாக்ஸை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

டிபன் பாக்ஸ் மூடி அளவுதான் இருக்கும். நடுவில் சாவி போடுகிற இடம். அதற்கு மேலே வரிசையாக மூன்று லைட்: பேட்டரி, ஆயில், சூடு. என்ஜினில் ஆயில் பிரஷர் இறங்கினாலோ சூடு ஏறினாலோ, யாரையும் கேட்காமல் இந்த பாக்ஸே டீசலை நிறுத்தி என்ஜினை அணைத்துவிடும். எதனால் அணைத்ததோ அந்த ஒரு லைட்டை மட்டும் எரியவிட்டுக் காட்டும், மற்ற இரண்டும் அணைந்தே இருக்கும். ஆனால் சாவியை ஆஃப் பக்கம் திருப்பிவிட்டால் லைட்டும் அணைந்துபோகும். அப்புறம் காரணத்தைக் கண்டுபிடிக்க ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலையில் குறை வைக்கிறவன் இல்லை. பேனலில் ஓட்டை போட்டு, அதிர்வு தாங்க அடியில் ரப்பர் வாஷர் வைத்து, பாக்ஸை முடுக்கினேன். பேட்டரி வயர், செல்ஃப் வயர், என்ஜினிலிருந்து வருகிற சென்சர் வயர் இரண்டு, எல்லாவற்றையும் கட்டினேன். என்ஜினை ஓடவிட்டு, சென்சர் வயர்களை ஒவ்வொன்றாக என்ஜின் பாடியில் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் டக்கென்று நின்றது, அதற்குரிய லைட்டும் எரிந்தது. பிறகு அந்தம்மாவைக் கூப்பிட்டேன்.

"நல்லா பாத்துக்கம்மா. ஒரு திருப்பு திருப்புனா பேட்டரி லைட்டும் ஆயில் லைட்டும் எரியும். சூடு லைட்டு எரியாது, அது தப்பில்ல. இன்னும் கொஞ்சம் திருப்புனா செல்ஃப் அடிக்கும். என்ஜின் புடிச்ச ஒடனே கைய விட்டுடணும்."

"சரிண்ணா."

"ஓடுறப்ப தானா நின்னுச்சுன்னா சாவியத் தொடவே கூடாது. எந்த லைட்டு எரியுதுன்னு பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. புரிஞ்சிதா?"

"தானா நின்னா சாவியத் தொடக் கூடாது. லைட்டப் பாத்துட்டு ஒங்களுக்குச் சொல்லணும்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொன்னார். அதற்குள் மூலக்குளத்திலிருந்து ஒருத்தர் மூன்று தடவை போன் அடித்துவிட்டார். நான் கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. "அண்ணா, என்ஜின் நின்னுடுச்சுண்ணா."

"எந்த லைட்டு?"

"எந்த லைட்டும் எரியலண்ணா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லைட் எரியாமல் அந்த பாக்ஸ் அணைக்காது. வெயிலில் உழவர்கரை வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள் கரண்டே வந்திருந்தது. சாவி ஆஃபில் இருந்தது.

"ஏம்மா, படிச்சுப் படிச்சு சொன்னனே, ஏன் ஆஃப் பண்ண?"

"நின்னப்ப நான் தொடலண்ணா. லைட்டே இல்லன்னு ஒங்ககிட்ட சொல்லிட்டு, கரண்ட் வந்தப்புறந்தான் ஆஃப் பண்ணேன். முக்கா மணி நேரம் நல்லாதான் ஓடுச்சு, அப்புறம் தானா நின்னுச்சு."

முக்கால் மணி நேரம் என்றார். அந்த வார்த்தையை மட்டும் காதில் வாங்கியிருந்தால் போதும். நான் எங்கே வாங்கினேன்? என்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் பார்த்தேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. அந்தப் பத்து நிமிஷத்திலேயே எனக்கு இரண்டு போன். இந்த அம்மா பயத்தில் சாவியைத் திருப்பிவிட்டுப் பொய் சொல்லுகிறது என்று முடிவு கட்டினேன். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். வண்டி நின்றால் சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், ஃபேன் நின்றாலும் அதேதான். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாது.

இரண்டாவது தடவையும் அதே கதை. இந்த முறை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கம்மா, என் உயிர ஏன் வாங்குற?" என்று கத்தினேன். ரிசப்ஷனில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அந்தம்மா வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிப் போனார்.

மூன்றாவது தடவைதான் நிலைமை கையை மீறியது. மூன்றாவது மாடியில் திண்டிவனத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகளோடு தங்கியிருந்தார். ரூமிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்திருந்தார்கள். கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, நின்றது. பெரியவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை, சாயந்திரமே திரும்பிவிட்டார்கள். ஆனால் அந்த மகள் படிக்கட்டில் நின்று அந்தம்மாவைக் கேட்ட கேள்வியை மூன்று மாடியும் கேட்டது. "எங்கப்பாவக் கொல்லப் பாத்தியா?"

ஓனர் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மிஷின்ல கோளாறா, ஆளுல கோளாறா?"

நான் யோசிக்கவே இல்லை. "பாக்ஸ்ல ஒண்ணுமில்ல சார். கைதான் சரியில்ல."

மாசம் முடிந்ததும் ரூமைக் காலி பண்ணும்படி அந்தம்மாவிடம் சொல்லிவிட்டார். மகளுக்குப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

அந்தச் செய்தி காதுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை வைப்பேன், எழுந்துவிடுவேன். வேலையே இல்லாமல் வில்லியனூர் ரோட்டில் வண்டியை விட்டுக்கொண்டு போய்ப் பாதியில் திரும்புவேன். "ஒங்களுக்கு என்ன பேய் புடிச்சிருக்கா? ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்று வீட்டில் திட்டினாள். நான் சொன்னது சரிதானே, அப்புறம் ஏன் இப்படி அரிக்கிறது என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்தம்மா ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மூன்று தடவையும் ஒரே வார்த்தை. பொய் சொல்லுகிறவர்களுக்கு அப்படி வராது.

மாசக் கடைசியில், புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஓனர் என்னைக் கூப்பிட்டார். புது ஆள் அவருடைய மச்சினன்தான். நான் சாவியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நிஜமாகவே கரண்ட் போனது. நல்லதாகப் போச்சு என்று என்ஜினைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் கிளம்பியிருப்பேன். ஆனால் ஓனர் பிடித்துக்கொண்டார். மேல் டேங்க் ஒழுகுவது, சோலார் வைக்கலாமா வேண்டாமா, தனக்கு முட்டி வலி என்று பேசிக்கொண்டே போனார். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன், போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன், அவர் விட்டபாடில்லை. அப்படியே முக்கால் மணி நேரம் போயிருக்கும். என்ஜின் தானாக நின்றது.

மச்சினன் சாவியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. பாக்ஸைப் பார்த்தேன். அந்தம்மா சொன்ன மாதிரியே, எந்த லைட்டும் எரியவில்லை.

குனிந்து, வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது லைட் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போன சந்தனம் காய்ந்து கிடந்தது, அதன் மேல் குங்குமம், அதன் மேல் டீசல் புகை. நகத்தால் சுரண்டினேன். உள்ளே சூடு லைட் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொட்டு வைக்காமல் நான் எந்த என்ஜினையும் ஒப்படைப்பதில்லை. வேறு பக்தி எதுவும் கிடையாது, இது மட்டும் பழக்கம். பாக்ஸை மாட்டி டெஸ்ட் எல்லாம் முடித்த பிறகு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனத்தைக் குழைத்து வைத்தது நான்தான். எரியாமல் கிடந்த அந்த வட்டம் பொட்டுக்கென்றே செய்த இடம் மாதிரி இருந்திருக்கிறது. அவசரத்தில் கட்டைவிரலால் அப்பிவிட்டுப் போயிருக்கிறேன். ரிப்பேருக்கு வந்த மூன்று தடவையும் அந்தப் பொட்டைப் பார்த்தேன். சாமி பொட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

என்ஜின் ஏன் கொதித்தது என்று பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என்ஜினைக் குளிரவைக்கிற ஃபேனின் பெல்ட்டை அழுத்தினேன், தொளதொளவென்று உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் அதைக் கண்ணால் பார்த்தேனே தவிர, விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் ஓட்டினால் அது தெரியாது. முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். நான் நின்றதே இல்லை.

வெட்கமாக இருந்தது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "சார், தப்பு என்னோடது. லைட்டு மேல பொட்டு வச்சது நான். அந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம்" என்றேன்.

ஓனர் பாக்ஸைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "சரி விடுப்பா. ஆளு மாத்தியாச்சு, இப்ப போயி..." என்று இழுத்தார்.

"மாத்துறதா இருந்தா என்ன மாத்துங்க சார். அந்தம்மாவப் போகச் சொன்னீங்கன்னா இந்த என்ஜின இனிமே நான் தொட மாட்டேன். வேற யாரு வந்தாலும் ஏன் தொடலன்னு காரணத்தச் சொல்லுவேன்."

என் குரல் படிக்கட்டு வரைக்கும் போயிருக்க வேண்டும். அந்தம்மா சின்ன ரூமிலிருந்து வெளியே வந்தார். பின்னால் தரையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருப்பது தெரிந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சுக்கம்மா என்றும் சொன்னேன். என் வாயில் சுலபமாக வருகிற வார்த்தை இல்லை அது.

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "என்கிட்ட சொல்லி என்னண்ணா ஆவப்போவுது? மூணாவது மாடியில போயி சொல்லுங்க" என்றார்.

போனேன். கதவைத் தட்டி, அந்த மகளிடமும், மூக்கில் டியூபோடு படுத்திருந்த பெரியவரிடமும், நின்றது என்னால்தான் என்று சொன்னேன். அந்த மகள் என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சாக்கு மூட்டையை அவிழ்க்கச் சொன்னது ஓனர்தான். மச்சினனை ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் கரண்ட் போன ஒரு மத்தியானம் அந்தம்மாவிடமிருந்து என் போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. சாவி பாக்ஸ். மூன்று லைட்டும் அணைந்து, என்ஜின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு எழுத்துகூட இல்லை. கரண்ட் திரும்பி வந்ததும் இன்னொரு போட்டோ. அன்றிலிருந்து என்ஜின் ஓடும்போதெல்லாம் இரண்டு போட்டோ வருகிறது. மகள் பரீட்சையில் பாஸாகி காலேஜில் சேர்ந்தாகிவிட்டது, போட்டோ நிற்கவில்லை. கோளாறு எதுவுமே இல்லாத அந்தப் படங்கள் என் போனில் நூற்றுக்கு மேல் இருக்கும். அழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

போன வாரம் சர்வீஸுக்குப் போனபோது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "எதுக்கும்மா இந்தப் போட்டோ எல்லாம்? வாயால சொன்னா போதாதா?"

அந்தம்மா பெட்ஷீட்டை உதறிக் கொடியில் போட்டார்.

"அன்னிக்கும் வாயாலதானண்ணா சொன்னேன்."