நிரந்தரமாக மூடப்பட்ட மெஸ்ஸில் மீன்குழம்பு

ஒரு கடை மூடிவிட்டது என்று யார் முடிவு செய்கிறார்கள்? கடந்த பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, மரக்காணம் உப்பளங்களைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். இரண்டு நாள் ஓய்வு தேவைப்பட்டது. வேறு காரணம் இல்லை.

விழுப்புரத்தில் 11.40க்குப் பேருந்து. திண்டிவனம் 38 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். அங்கே மரக்காணம் சாலையில் ஒரு மெஸ்ஸில் மீன்குழம்பு நன்றாக இருக்கும் என்று தோழி சொல்லியிருந்தாள். கைப்பேசி வரைபடத்தில் தேடினால், சிவப்பு எழுத்தில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’. அந்த மெஸ் மூடிவிட்டதாமே என்று சொல்லி ஆட்டோக்காரரிடம் வேறு கடை கேட்டேன்.

“அத்த எங்க மேடம் மூடுனாங்க? காலைல அங்கதான் இட்லி துண்ணுட்டு வர்றேன்.”

ஒன்றரை கிலோமீட்டர், அறுபது ரூபாய். கடை திறந்திருந்தது, உள்ளே சாப்பிட ஒருவரும் இல்லை. ஆட்டோக்காரர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: “செல்விக்கா, உன் கடைய மூடிட்டாங்களாம். மேடம் ஃபோன்ல போட்டுக்கீது!”

“அப்ப காலைல நீ துண்ண இட்லி வானத்துலேர்ந்து வுழுந்துச்சா?” என்றபடி வந்தார் கடையை நடத்தும் செல்வி. நாற்பது வயதிருக்கும்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். யாரோ ஏற்றியிருந்த ஒரே படம்: இறங்கிய ஷட்டர், அதன் நடுவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், போஸ்டரில் அவர் கணவர். அவர் இறந்து இரண்டு மாதம், நண்பர்கள் ஒட்டியது. தினமும் மூன்றரை முதல் ஆறரை வரை கடைக்கு ஓய்வு. ஷட்டரைத் தூக்கினால் போஸ்டரும் அதோடு சுருண்டு மேலே போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் வந்த எவரோ, ஆளோடு கடையும் போயிற்று என்று நினைத்திருக்க வேண்டும்.

“காருல போறவங்கல்லாம் நின்னு சாப்டுவாங்கம்மா. அவரு போனப்புறம் ஒருத்தரும் நிக்கல. அவரு கைப்பக்குவம் எனக்கு வர்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சித்திரையோட கடைய வுட்டுர்லாம்னு இருந்தேன்.”

குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதல்தான். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். திறந்த கடையைப் படமெடுத்துத் திருத்தம் அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. போஸ்டரை எடுத்துவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“அவரு மூஞ்சிய நான் எப்டிம்மா கிழிக்கிறது? மழைல அதுவா போனா போவட்டும்.”

அதற்குமேல் பேச எனக்கு என்ன உரிமை?

மரக்காணம் அங்கிருந்து 35 கிலோமீட்டர். உப்பளங்களைக் காலை ஏழு மணிக்கே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் வெள்ளை கண்ணைக் குத்தும். தண்ணீர், தொப்பி அவசியம். வரைபடத்தை நான் பழிக்க மாட்டேன், உப்பளத்துக்கு வழி காட்டியதும் அதுதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் திரும்பும் வழியில், மாலை 6.10க்கு மெஸ் வாசலில் இறங்கினேன். வரைபடத்தில் கடை இன்னும் மூடியே இருந்தது. ஷட்டரும் இறங்கியிருந்தது. போஸ்டரை யாரும் தொடவில்லை. அதன் கீழே சாக்பீஸில் பெரிய எழுத்து: ‘கடை இருக்கு. ஆறரைக்கு வாங்க.’

ஒரு கார் வந்து நின்றது. ஓட்டியவர் கைப்பேசியைப் பார்த்தார். ஷட்டரைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.