எந்தக் கங்காணி ஆளுங்க?

அந்தப் பஸ் பயணத்தில் எங்கள் பக்கத்து இருக்கையில் இருந்த இருவரையும் முன்பின் தெரியாதவர்கள் என்று நம்பியது என் அம்மா மட்டும்தான்.

தீபாவளி விடுமுறைக்கு ஜொகூர் பாருவிலிருந்து சிகாமட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா, சின்ன மாமா, நான். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நெடுஞ்சாலை வராத காலம். பட்டணத்துக்குப் பட்டணம் நின்று, ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கி, பஸ் போய்ச் சேர ஒரு பகல் முழுதும் ஆகிவிடும். மாமா அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தார். அவருக்குப் பெண் பார்ப்பது அம்மாவின் கடமை. ஒருத்தியை வேண்டாம் என்பதும் அம்மாவின் உரிமை.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவரும் அவருடைய மகளும். அந்த அக்காவை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். அங்கே அந்த அக்கா வந்திருப்பாள். வீட்டில் சொல்லக்கூடாது என்று மாமா சொன்னார், நான் சொல்லவில்லை. பஸ்ஸில் தெரியாததுபோல் இருக்கவேண்டும் என்றார், அதற்கும் தலையாட்டினேன். அம்மா முதலில் அவளைப் பார்த்துப் பழகட்டும், பிடித்துப்போகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. அவர்கள் யோங் பெங்கில் இறங்கி பாலோவுக்கு வேறு பஸ் பிடிக்கவேண்டும். அதுவரைதான் அவகாசம்.

கூலாய் தாண்டுவதற்குள் அம்மாவுக்கு வாந்தி வந்துவிட்டது. மாமா திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது. அந்த அக்கா எழுந்து வந்து அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள், முகத்தைத் துடைத்துவிட்டாள், உப்பில் ஊறி உலர்ந்த ஓர் அசாம்போய்ப் பழத்தை வாயில் வைத்தாள். அந்தப் புளிப்பு உள்ளே போனதும் அம்மா கண்ணைத் திறந்தார். என்னைப் பெரியவர் பக்கம் அனுப்பிவிட்டு அவளைத் தன்னருகிலேயே இருத்திக்கொண்டார். சன்னலோரம் அம்மா, நடுவில் என் இடத்தில் அவள், இந்தப் பக்கம் மாமா. பார்ப்பவர்கள் ஒரே குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெரியவர் எனக்குக் கச்சான் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். ரப்பர்ப் பால் படிந்து கறுத்த நகங்கள். ஒரு பருப்பையும் அவர் தின்னவில்லை.

அம்மாவுக்குத் தெளிவு வந்ததும் பேச்சும் வந்தது. துணிக்கடையில் வேலை செய்கிறாளாம், சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறாளாம். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மலர்ந்தது. மாமாவை இடித்துக் காட்டவும் தொடங்கிவிட்டார்.

"எந்த வீட்டுக்கு விளக்கேத்தப் போவுதோ இந்தப் பொண்ணு. இங்க ஒருத்தன் இருக்கான் பாரு, நான் வாந்தி எடுத்தா சட்டையில பட்டுருமோன்னு தள்ளிப் போய் நிப்பான்."

அவள் சிரிப்பை அடக்கக் குனிந்தாள். மாமா பஸ்ஸின் கூரையைப் பார்த்தார்.

அடுத்து வரவேண்டிய கேள்வி வந்தது. எங்கள் முன்னோரைத் தோட்ட வேலைக்கு இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். ஒவ்வொரு கங்காணியும் தன் ஊரிலிருந்து, தன் சனத்திலிருந்தே ஆள் சேர்த்தார். கங்காணிகள் செத்து, அந்த முறையும் ஒழிந்துவிட்டது. பெயர்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. ஒருவரிடம் நேராகச் சாதி கேட்பது மரியாதையில்லை. கங்காணி பெயரைக் கேட்டால் போதும்.

"எந்தக் கங்காணி ஆளுங்கண்ணே நீங்க?"

பெரியவரின் விரல்கள் நின்றன. கச்சானைப் பார்த்துக்கொண்டே, "வேலுச்சாமிக் கங்காணிம்மா" என்றார்.

"அட, நம்ம சனம்" என்று அம்மா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தீபாவளி முடிந்ததும் பாலோவுக்கு வருவதாகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிற்று. மாமா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமாதாம்மா அந்தப் பேரச் சொல்லச் சொன்னாரு. கடக்கரையில இந்த அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தாரு. அவங்க கங்காணி வேற."

பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டது என்று பிற்பாடு குடும்பத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் வெகுகாலம் அப்படியே சொல்லித் திரிந்தேன். என் வாய் தவறவில்லை. அம்மாவின் பக்கத்திலிருந்தும் மாமாவின் பக்கத்திலிருந்தும் அவள் எழுந்து போகவேண்டும் என்று விரும்பித்தான் சொன்னேன்.

அம்மா கூச்சலிடவில்லை. வாயிலிருந்த அசாம்போயைக் கைக்குட்டையில் துப்பி, கைக்குட்டையோடு சன்னலுக்கு வெளியே எறிந்தார். பிறகு மாமாவிடம், "இவங்கள உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார்.

மாமா அப்போது ஆமாம் என்றிருந்தால் என்ன நடந்திருக்குமோ, எனக்குத் தெரியாது. அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"தெரியாதுக்கா. பையன் என்னமோ உளர்றான்."

பஸ் ஆயர் ஹீத்தாமில் நின்றிருந்தது. அந்த அக்கா எழுந்தாள். "வாங்கப்பா, எறங்கலாம்" என்றாள். அவர்கள் இறங்கவேண்டிய ஊர் இன்னும் வரவில்லை. வெளியே நல்ல மழை. பெரியவர் மடியிலிருந்த தோலையெல்லாம் திரட்டிப் பையில் போட்டுக்கொண்டு, உரித்த பருப்பை என் கையில் வைத்தார். அம்மாவிடம் "மன்னிச்சிருங்கம்மா" என்றார். மகள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

மாமா அந்தத் தீபாவளிக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது வந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். என்னிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒருவனை விரும்பி வீட்டுக்கு அழைத்துவந்தபோது நானும் கேட்டேன். கங்காணி பெயரையல்ல, அது பழைய பேச்சு. "உங்க பூர்வீகம் எங்க?" என்று கேட்டேன். நான் படித்தவன் அல்லவா. பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்ட மாத்திரத்தில் பதில் விளங்கும் வயது எனக்கு அப்போது வந்திருந்தது.

பஸ்ஸில் அந்த வயது இல்லை. காலியான என் இடத்துக்குப் போய், அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. பஸ் லாபிஸைத் தாண்டியது. அம்மா கண்ணயர்ந்த பிறகு மாமாவிடம் மெல்லக் கேட்டேன், அவர்களுடைய உண்மையான கங்காணி பெயர் என்ன என்று.

"பொன்னன்" என்றார் மாமா.

எனக்கு வியப்பாக இருந்தது. கேட்பதற்கு நல்ல பெயராகத்தான் இருந்தது. இதைப் போய் எதற்கு மறைத்தார்கள் என்று யோசித்தபடி, கையிலிருந்த பருப்பை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன்.