சுவருக்கு வந்த மரியாதை

கிடங்கில் ஒன்பது வருடம் பெட்டி ஒட்டியவளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் செய்முறை வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மாணவியின் கணுக்கால் சுளுக்காமல் இருக்க டேப் சுற்றச் சொன்னார்கள். நாற்பதே நொடியில் சுற்றி முடித்தாள். வகுப்பே வாயைப் பிளந்தது. பிரிக்கும்போதுதான் வினை. இரண்டு கத்தரிக்கோல் மழுங்கி, மூன்றாவது வந்த பிறகே கால் வெளியே வந்தது, கத்தரிக்காய் நிறத்தில்.

"எல்லாம் சரிம்மா, விலாசம் எழுத மறந்துட்டியே" என்றார் பேராசிரியை.

அன்றிலிருந்து அவள் பெயர் பார்சல்.

விளையாடுகிறவர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது, அடிபட்டால் முதல் ஆளாக ஓடுவது, திரும்ப எப்போது ஆடலாம் என்று சொல்வது, இதுதான் அந்தப் படிப்பு. முப்பத்தொரு வயதில் இதற்காகவா வேலையை விட்டாய் என்று கேட்காத உறவினர் இல்லை. அவள் காதில் ஏறவில்லை. ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு என்று படித்த சாயங்காலம், பஸ் ஓட்டுநரான கணவனின் காலை மடியில் தூக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள்.

"இருபத்தாறு இருக்குங்க! இத்தனைய வெச்சுக்கிட்டா தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வர மூக்கால அழுதீங்க?"

"எண்ணினது போதும், கால விடு. நாளைக்கு பிரேக் மிதிக்கணும்."

அவள் விடவில்லை. இதன் மேல்தானே நாற்பது வருடமாக ஒரு மனிதனே நிற்கிறான் என்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் வருடம் அவளைக் கால்பந்து அணியோடு அனுப்பினார்கள். பயிற்சியாளர் வெளியே ஒரு பெரிய கிளப்பையும் நடத்துபவர். வார்த்தைக்கு வார்த்தை "நீ, வா, போ" என்பார். "கடைசி மேட்ச் ஒழுங்கா முடியட்டும், கிளப்ல உன்ன சேத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அவள் நான்கு வருடம் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அணித்தலைவனுக்குச் சுவர் என்று பெயர். அவன் நெஞ்சில் மோதிய பந்து, அனுப்பியவனிடமே மன்னிப்புக் கேட்டுத் திரும்பும் என்பார்கள். மரியாதைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். துணைவேந்தர் கை குலுக்க வந்தபோதே "என்னப்பா, சாப்டியா?" என்று கேட்டவன். அவளைக் கண்டால் "ஏ பார்சலு, இன்னிக்காவது என் கால மூச்சு விட வைப்பியா?" என்பான்.

கடைசி ஆட்டத்தில், முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, பந்துக்குத் துள்ளிய சுவரின் நெற்றிப்பொட்டில் எதிராளியின் முழங்கை இறங்கியது. விழுந்தான். அவள் ஓடுவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஸ்கோர் கேட்டாள், சரியாகச் சொன்னான். எந்தப் பாதி என்று கேட்டாள், அதுவும் சரி. விரலைப் பின்தொடரச் சொன்னாள், கண் பின்தொடர்ந்தது. எழுந்து நின்றான், தள்ளாடவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க கவலப்படாதீங்க" என்றான்.

திரும்பப் போனவள் நின்றாள்.

"என்ன சொன்ன?"

"நீங்க போய் உக்காருங்கக்கா."

கையைத் தூக்கி, ஆட்டக்காரனை வெளியே எடுக்கும் சைகை காட்டினாள். பயிற்சியாளர் கோட்டோரமாகப் பாய்ந்து வந்தார். "ஏய், எல்லாத்துக்கும் சரியாத்தானே பதில் சொன்னான்! என்ன கோளாறு அவனுக்கு?"

"மரியாதையா பேசறான் சார்."

"மரியாதையா பேசினா வியாதியா? உனக்குப் பைத்தியமா? அவன் இல்லன்னா தோத்துருவோம். அப்புறம் கிளப்பு வேலைய மறந்துடு!"

பக்கத்தில் மதிப்பெண் தாளோடு நின்ற பேராசிரியையை அவள் திரும்பிப் பார்த்தாள். "நீயே முடிவு பண்ணு. தப்புன்னா நான் தடுப்பேன்" என்றார் அவர்.

நான்கு வருடக் காத்திருப்பை ஒரு கணம் எண்ணிப் பார்த்தாள். பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள்.

"சந்தேகம் வந்தாச்சு சார். இன்னிக்கு இவன் ஆட மாட்டான்."

பேராசிரியை தடுக்கவில்லை. அணி தோற்றது. பத்து நிமிடம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுவர் அவள் காலணி மேலேயே வாந்தி எடுத்தான். பிறகு பணிவாக, "ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்க்கா?" என்று கேட்டான். ஆம்புலன்ஸ் வந்தது. மூளை குலுங்கியிருக்கிறது, இன்னொரு மோதல் என்றால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்தவள் தன் தலையையே இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு மண்டையோட்டுக்குள் எத்தனை அறை! ஏதோ ஓர் அறையில் விளக்கு மங்கியதும் ஸ்கோர் இருக்கிறது, நிற்கத் தெரிகிறது, குறும்பு மட்டும் காணாமல் போய்விடுகிறது.

மூன்று வாரம் கழித்து அவள் பயிற்சி அறையில் டேப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு உதைபட்டுத் திறந்தது.

"ஏ பார்சலு! என்னைய ஆஸ்பத்திரிக்கே டெலிவரி பண்ணிட்டியே, நீ நல்லாருப்பியா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை இனிமையான வசவை அவள் அதுவரை கேட்டதில்லை.

அவனுக்குப் பின்னால் பயிற்சியாளர் நின்றார். தொண்டையைச் செருமினார். "கிளப்புக்கு... நீங்க எப்பம்மா வேலைக்கு வர்றீங்க?"

அவள் சட்டென்று மேசையிலிருந்த, கண்ணைச் சோதிக்கும் டார்ச்சை எடுத்தாள்.

"உக்காருங்க சார். தலையில எங்கயாவது அடிபட்டுதா?"