கோப்பில் இருந்ததையே கேட்டோம்

கணபதி சார், நீங்கள் எழுதியது பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினீர்கள்.

இன்று காலை, ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில், எங்கள் அரசாங்க ஆபீசின் பழைய சூப்பிரண்டு கணபதி சார் செக்‌ஷனின் புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தார். கீழே மலையாளத்தில் நீளமாக ஒரு பத்தி. நம் செக்‌ஷனில் மாதக் கடைசியில் ஒரு கோப்பு கூட மேசையில் கிடந்ததில்லையாம். மனசாட்சியோடு வேலை பார்த்த காலமாம். கீழே வரிசையாகக் கைகூப்பல்களும் ரோஜாப்பூக்களும். நானும் ஒரு கைகூப்பல் போட்டேன். விரல் பழகிவிட்டது, என்ன செய்ய? போட்ட பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். தட்டில் இருந்த தோசை அப்படியே ஆறிப்போனது.

படத்தில் அவருக்குப் பின்னால் மர அலமாரி தெரிகிறது. ஓரத்தில் ஒரு முழங்கை. அது என்னுடையது. அலமாரியைப் பார்த்ததும் பசை நாற்றம் வந்துவிட்டது. மைதாவைக் காய்ச்சி டப்பாவில் ஊற்றி வைப்பார்கள். மூன்று நாளில் புளித்துவிடும். மழைக்காலத்தில் அந்த நாற்றமும், ஈரக்குடைகளின் நாற்றமும், யாரோ திறந்த டிபன் பாக்ஸின் மோர்க்குழம்பு வாசனையும் கலந்து கிடக்கும். கரமனையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து கிழக்கேகோட்டையில் இறங்கி, அரை ஓட்டமாக ஓடி அந்த நாற்றத்துக்குள் நுழைந்தால்தான் நான் வேலைக்கு வந்துவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வரும்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தந்திரம் இருந்தது. மனு கொடுத்தவர் வாசலில் தலைகாட்டினால் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். வந்தவர் போகும்வரை துடைப்பார். இன்னொருவர் மணி அடிக்காத போனை எடுத்துப் பேசுவார். என் தந்திரம் மலையாளம். தெற்கே எல்லைப் பக்கத்திலிருந்து தமிழ் பேசிக்கொண்டு வருபவர்களிடம் நான் மலையாளத்தில்தான் பதில் சொல்வேன். நானும் தமிழ்தான் என்று தெரிந்தால் உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம். பெரிய அதிகாரி என்று நினைப்பு வேறு. அந்த அறையில் மின்விசிறி கூட என் பக்கம் திரும்பாது.

மாதக் கடைசி வேலை நாளில் மேலே ஒரு பட்டியல் போக வேண்டும். யார் மேசையில் எத்தனை கோப்பு முடியாமல் கிடக்கிறது என்ற பட்டியல். கோப்பை முடித்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் முடிப்பது கஷ்டம். அதைவிடச் சுலபமாக ஒரு வழி இருந்தது. மனுதாரரிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டுத் தபால் அனுப்பிவிட்டால், அந்தக் கோப்பு ‘பதில் வரவில்லை’ என்ற கட்டத்துக்குப் போய்விடும். மேசை சுத்தம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கணபதி சார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே மேசை மேசையாக வருவார்.

“ஒரு க்வெரி போட்டு அனுப்பிடு. இங்க இருந்தாத்தான் நம்ம தலவேதனை. வெளில போயிட்டா அவா பாடு.”

நான் அனுப்பினேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று பாராட்டுவார். அந்தப் பாராட்டுக்கு ஏங்கியவள் நான். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது.

மெர்சியின் கோப்பு அப்படித்தான் என்னிடம் வந்தது. அவள் அப்பா எங்கள் இலாகாவில் டிரைவர். வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். மூத்த பெண் இவள். வாரிசு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். எல்லாத் தாளும் சேர்ந்து கோப்பு மேலே போவதற்கு ஒரு கெடு உண்டு. முதல் மாதக் கடைசியில், தம்பியின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டேன். அது நியாயமான கேள்வி. அடுத்த மாதம், அந்தக் கடிதத்தில் அதிகாரியின் சான்றொப்பம் எங்கே என்று கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். மூன்றாம் முறை, வாரிசுச் சான்றிதழ் பழையதாகிவிட்டது, புதிது வேண்டும் என்று எழுதினேன். அது பழையதானது என் மேசையில்தான்.

நான்காம் மாதம் கேட்பதற்கு எதுவுமே இல்லை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுசாக இருக்கிறது, மேலே அனுப்பலாம் என்று சாரிடம் சொன்னேன். மேலே அனுப்புவதென்றால் நான்கு பக்கக் குறிப்பு எழுத வேண்டும், அவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணி நாலரை. இறப்புச் சான்றிதழின் அசலைக் கேள் என்றார். அது என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. ‘அசல் இறப்புச் சான்றிதழைச் சமர்ப்பிக்கவும்’ என்று முத்துமுத்தாக எழுதினேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மெர்சி நேரில் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த முகம்.

“அக்கா, இது மொதல்லயே தந்தாச்சுல்லா. நீங்கதான வாங்கி, ஊசி குத்தி நூலு கோத்தீங்க?”

கடிதத்தில் இருப்பதைக் கொண்டு வந்தால் போதும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வேறு கோப்பைப் புரட்டினேன். கணபதி சார் பக்கத்து மேசையில்தான் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் பஞ்சாயத்து ஆபீசுக்கு அலைந்து இன்னொரு அசல் வாங்கி வருவதற்குள் கெடு முடிந்துவிட்டது. நிராகரிப்புக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அதை வாங்க வந்தவள் அழவில்லை. சண்டை போடவில்லை. நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள்.

“இதுல என் பக்கம் என்ன தப்பு அக்கா? வீட்டுல கேப்பாவ, சொல்லணும்லா.”

லேட் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். யாரால் லேட் என்று சொல்லவில்லை.

பசை டப்பா இன்று இல்லை. ஊசியும் நூலும் இல்லை. அந்த அறையில் இப்போது கணினிகள் இருக்கின்றன. பழைய கோப்புகளையெல்லாம் கழித்து லாரியில் ஏற்றிவிட்டதாகக் கேள்வி. அப்படியானால் என் நான்கு கேள்விக் கடிதங்களும் கூழாகியிருக்கும். நடந்தது தெரிந்தவர்களில் மெர்சி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கும் தைரியமும் எனக்கு இருந்ததில்லை. மிச்சம் நாம் இரண்டு பேர்.

நான் என் பங்கை எழுதிவிட்டேன். இதை அப்படியே மலையாளத்தில் குழுவில் போடப் போகிறேன். தனியாக போன் செய்து சமாதானம் பேச வேண்டாம், சார். பூப்போட்ட அத்தனை பேரும் படிக்கும்படி அங்கேயே பதில் எழுதுங்கள். அந்தப் பெண் பக்கம் என்ன தப்பு?