அக்காவின் சான்றிதழுக்கு நான் வைத்த கையெழுத்து

பிள்ளைகளே, அக்கா ஏன் இப்போது நம்மோடு இல்லை என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். அம்மா, "வேலைக்குக் கிட்ட இருக்கப் போயிட்டா" என்று சொல்லிச் சமாளிக்கிறார். அது பொய் இல்லை. ஆனால் முழுவதும் அது இல்லை. மிச்சத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கக் கஷ்டமான இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். ஒருவருடைய பெயரையும் இதில் எழுதமாட்டேன். ஒரு பெயரை வைத்து நான் செய்த வேலை போதும்.

முன்பு அக்காவை நீங்கள் அண்ணா என்றுதான் கூப்பிட்டீர்கள். அவள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது எங்களிடம் ஆண்பிள்ளை என்றார்கள். நாங்களும் அப்படியே வளர்த்தோம், நாலு வயதில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தோம். கொலிஜில் சேர்ந்து சில மாதங்களில், ஒருநாள் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, தான் பெண் என்று சொன்னாள். சின்ன வயதிலேயே தனக்கு அது தெரியும், சொல்லத்தான் பயம் என்றாள். இப்படியானவர்களைத் தமிழில் திருநங்கை என்பார்கள். அப்போது எனக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்குத் தெரிந்தவை எல்லாம் ஆட்களைப் பழிக்கிற சொற்கள்.

நீங்கள் அடுத்த நாளே அக்கா என்று தொடங்கிவிட்டீர்கள். உங்களில் சின்ன ஆள், "அப்ப இனி என்ர கார்களை உடைக்க மாட்டியோ?" என்று கேட்டதும், "அக்காமாரும் உடைப்பினம்" என்று அவள் சொன்னதும், அம்மா கரண்டியோடு நின்று சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு உங்கள் கெட்டித்தனம் வரவில்லை. எட்டு மாதம் நான் அவளை ஒரு பெயராலும் கூப்பிடவில்லை. "இஞ்ச", "பிள்ளை", "சாப்பிட்டாச்சோ" என்று நாட்களை ஓட்டினேன்.

அவள் அரசாங்கத்துக்கு எழுதிப் பெயரை மாற்றினாள். அந்தக் கடதாசி வந்த அன்று குசினி மேசையில் எனக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ அப்பா. முன் பெயரைத்தான் மாத்தினனான். உங்கட பெயர் பின்னுக்கு அப்பிடியே கிடக்கு."

நம் ஆட்களில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பனின் பெயர்தான் வரும். அவள் விரும்பியிருந்தால் அதையும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நான் "ம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவள் படித்தது பல் வைத்தியருக்கு உதவியாக நின்று வேலை செய்கிற படிப்பு. அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அந்தத் தனியார் கொலிஜ் இருந்தது, கீழே மளிகைக்கடை. ஒரு வருடம் படித்து, கடைசியில் ஒரு கிளினிக்கில் பயிற்சிக்குப் போனாள். அங்கே புதுப் பெயரில்தான் போனாள். அங்கிருந்தவர்களுக்கு அவளுடைய பழைய கதை ஒன்றும் தெரியாது. அங்கிருந்த பல் வைத்தியருக்கு அவளுடைய கைவேலை பிடித்துவிட்டது. "ஆறு கிழமைக்குள் சான்றிதழைக் கொண்டு வா, வேலை உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். ஸ்ரௌவ்விலில் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, அவள் படிக்கட்டில் பாடிக்கொண்டு இறங்கியதை நான் அந்தக் கிழமை மட்டும்தான் கேட்டேன்.

கொலிஜ் சான்றிதழைக் கொடுக்கவில்லை. சேரும்போது பழைய பெயர், இப்போது வேறு பெயர். பெயர் மாற்றிய கடதாசியைக் கொடுத்தாள். "பைல் மேல போயிருக்கு" என்றார்கள். அடுத்த கிழமை, பிறந்த சான்றிதழிலும் புதுப் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். அது யாழ்ப்பாணத்துப் பதிவு, இங்கே இருந்துகொண்டு அதை எப்படி மாற்றுவது? அவள் பயப்படவில்லை. இந்த மாகாணத்துச் சட்டத்தில், ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ தன்னை எப்படி அறிந்திருக்கிறார் என்பதை வைத்து அவரைக் குறைத்து நடத்தக் கூடாது என்று இருக்கிறது. அதை எடுத்துக் காட்டி ஒரு கடிதம் எழுதினாள். இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஒரு பெண்மணி அதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. இதை நீங்கள் மறக்கக் கூடாது. கொலிஜின் தலைமை ஒபிஸ், அடுத்த கிழமை வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவதாகச் சொன்னது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் எங்களுக்குச் சொன்னாள்: "ஒருத்தரும் ஒண்டும் செய்ய வேண்டாம். பழைய பெயரில அவை எதைத் தந்தாலும் வாங்கக் கூடாதாம். கடிதம் வரும்வரைக்கும் இருப்பம். ஓகே?"

"ஓம்" என்று நானும் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கந்தோரில், அதுதான் ஒபிஸில், காரியம் சிக்கினால் சட்டத்தை யோசிக்கமாட்டோம், அங்கே நம்முடைய ஆள் யார் இருக்கிறார் என்றுதான் யோசிப்போம். சண்டைக்காலத்தில் சட்டத்தை நம்பியவர்கள் வரிசையில் நின்றார்கள். தெரிந்த ஆள் உள்ளவர்கள் வண்டி ஏறினார்கள். ஊரை விட்டு வெளியே போக எனக்குப் பாஸ் கிடைத்தது அப்படி. இந்த நாட்டுக்கு வந்தும், கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது ஒரு தெரிந்த ஆளால். பிள்ளைக்கு உலகம் தெரியாது, கடிதம் எழுதிக்கொண்டு இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தக் கொலிஜ் ஒபிஸை நடத்துகிறவர் நம்முடைய ஆள். முன்பு நாங்கள் அடுக்குமாடியில் இருந்தபோது இரண்டு கதவு தள்ளி இருந்தவர். கோயிலில் கண்டால் கதைப்போம். சனிக்கிழமை காலை, ஒரு பெட்டி ரோல்ஸும் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் போனேன்.

"என்ன அண்ணை, ரோல்ஸோட வந்து ஆளை விழுத்தப் பாக்கிறியளோ?"

"சூடா இருக்கு தம்பி, முதல்ல சாப்பிடும்."

ஒன்றைக் கடித்துக்கொண்டே பைலை எடுத்தார். "உங்கட பிள்ளையின்ர பைலால எனக்கு மேல இருந்து ஒரே கரைச்சல். உது இந்த நாட்டுப் பிள்ளையளின்ர விளையாட்டு அண்ணை. இண்டைக்கு ஒரு பெயர். நாளைக்கு மனம் மாறினால் பேந்து எங்களிட்டத்தான் வருவினம், திரும்ப அடிச்சுத் தா எண்டு. நாங்கள் என்ன கலியாணக் காட் அடிக்கிற கடையே நடத்துறம்?"

நான் சிரித்தேன். எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், பிறகு எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொன்னபோது நான் சிரித்தேன்.

"ஒண்டு செய்வம்," என்றார். "பதிவில இருக்கிற பெயரில சேர்ட்டிபிக்கேற் ரெடியா இருக்கு. இப்பவே கொண்டு போங்கோ. கையில ஒண்டு இருந்தால் வேலை கிடைக்கும். பெயரைப் பிறகு ஆறுதலா மாத்தலாம்."

"மாத்தலாமோ?"

"நான் இருக்கிறன் தானே அண்ணை."

இரண்டு கடதாசியில் கையெழுத்து வைத்தேன். ஒன்று, சான்றிதழைக் குடும்பத்தவர் பெற்றுக்கொண்டார் என்பது. மற்றது அவரே ஆங்கிலத்தில் அடித்து எனக்கு வாசித்துச் சொன்னது: நான் இவரின் தகப்பன், பிறந்த சான்றிதழில் உள்ளதே என் மகனின் சரியான பெயர், அந்தப் பெயரில் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறோம். அக்காவுக்கு வயது இருபத்துமூன்று. அவளுக்காக நான் கையெழுத்து வைக்க முடியாது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தகப்பன் வைத்தால் சரி என்று இரண்டு பேரும் நினைத்தோம். அவரைக் கெட்ட மனிதர் என்று எழுதமாட்டேன். ஒருவரும் என் கையைப் பிடித்து வைப்பிக்கவில்லை.

வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். கடித உறையைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்து, அவள் வரும்வரை உடுப்புக்கூட மாற்றாமல் இருந்தேன். நீங்கள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தீர்கள்.

அவள் உறையைத் திறந்தாள்.

"என்னப்பா இது?"

"உன்ர சேர்ட்டிபிக்கேற். கதைச்சு எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

"ஆரோட கதைச்சனீங்கள்?"

சொன்னேன். ரோல்ஸ் கொண்டுபோனதையும் பெருமையாகச் சொன்னேன்.

"சைன் பண்ணினீங்களா?"

"தகப்பன் தானே பிள்ளை. பண்ணினால் என்ன?"

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. சான்றிதழில் இருந்த பெயரில் விரலை வைத்தாள். "இது ஆர் அப்பா?"

நான் வெறும் உறையை எடுத்து மடித்தேன்.

"கிளினிக்கில இதைக் குடுத்தால் அவையும் இதைத்தான் கேப்பினம். பிறகு நான் அதில நிண்டு எல்லாருக்கும் என்ர கதையைச் சொல்ல வேணும். அதைச் சொல்லாமல் ஒரு இடத்தில வேலை செய்யத்தான் இவ்வளவும் செய்தனான்." பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக, "ஐ ஆஸ்க்ட் யூ டு டூ நத்திங்" என்றாள். ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லி மட்டும்தான் உங்களைக் கேட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

அம்மா என்னைப் பார்த்து, "ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போயிருக்கலாமே" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து என் கடிதத்தை வாங்கி வரப் போனேன். சனிக்கிழமை "அண்ணை" என்றவர் அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "சேர், பைல் குளோஸ் பண்ணியாச்சு" என்றார். பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். "தம்பி, நான் விளங்காமல் வைச்சிட்டன்" என்றேன். "தலைமை ஒபிசுக்கு எழுதுங்கோ சேர்" என்று சொல்லி, எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை தலைமை ஒபிஸின் கடிதம் சொன்னபடி வந்தது. சான்றிதழ் கொடுத்தாயிற்று, குடும்பம் பெற்றுக்கொண்டது, சரியான பெயரைத் தகப்பனே எழுத்தில் உறுதிப்படுத்தியுள்ளார், ஆகவே வேறு பெயரில் இன்னொன்று தருவதற்கில்லை. என் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சட்ட உதவிப் பெண்மணியிடம் நானும் கூடப் போனேன். அவர் பிரதியைப் பார்த்துவிட்டு, "இதை எழுதியது நீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறைப்பாடு போடலாம், நியாயம் இன்னும் உங்கள் மகளிடம்தான் இருக்கிறது, ஆனால் வருடக் கணக்கில் இழுக்கும், அவர்கள் முதலில் தூக்கிக் காட்டப்போவது உங்கள் கடிதத்தைத்தான் என்றார். அவர் மகள் என்று சொன்னதை நான் கவனித்தேன். முதல் தரம் பார்க்கிற ஒரு அந்நியருக்கு அது அவ்வளவு லேசாக வந்தது. "நான் வந்து பிழை என்று சொல்லுகிறேன்" என்றேன். "சொல்லலாம். ஆனால் எழுதினது எழுதினதுதானே" என்றார். அக்கா யன்னலுக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கிளினிக் வைத்தியர் ஆறு கிழமைக்கு மேல் இன்னும் இரண்டு கிழமை பொறுத்தார். பிறகு வேறொரு பிள்ளையை எடுத்துவிட்டார். அவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முறைப்பாடு போட்டிருக்கிறது. ஒரு இலக்கம் தந்திருக்கிறார்கள். அக்கா அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்துகொண்டு, ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறாள். அங்கே சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கும்போது உங்களோடு அரை மணித்தியாலம் சிரித்துக் கதைப்பாள். பிறகு என்னிடம் போன் வரும். "சாப்பிட்டாச்சோ அப்பா?" என்பாள். "ஓம்" என்பேன். "சரி, வைக்கிறன்." கோபமாகச் சொல்வதில்லை. எட்டு மாதம் நான் அவளோடு கதைத்த கதையை அவள் இப்போது என்னோடு கதைக்கிறாள்.

பிள்ளைகளே, இது சரிவரும் என்று உங்களுக்கு எழுத எனக்கு ஆசை. சரிவரும் என்று எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் ஒருநாள் வந்தாலும் அந்த வேலை வராது. வேலை வேறு வந்தாலும், நான் சிரித்த சிரிப்பை என்ன செய்வது? நாளைக்கு உங்களுக்காக யாராவது பெரியவர்கள் கதைக்கப் போனால், முதலில் உங்களைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அது நான் என்றாலும்.

இன்னும் ஒன்று. பேஸ்மென்றில் கடிதங்கள் வீட்டுக்காரரின் கடிதங்களோடு கலந்துவிடும் என்று, முறைப்பாட்டுக்கு அக்கா நம்முடைய விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறாள். "லெட்டர் வந்தால் உடைக்காமல் வையுங்கோ" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது, நம் தெரு முனையில் இருக்கிற தபால்பெட்டி வரிசைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்த புதிதில் நம் பெட்டியின் உள்பக்கத் தகட்டில், தபால் போடுகிறவர் பார்க்கட்டும் என்று நம் ஐந்து பேருடைய பெயரையும் எழுதி ஒட்டியிருந்தேன். மூன்றாவதாக அவளுடைய பழைய பெயர் இருந்தது. கடதாசியை உரித்து எடுத்தேன். காருக்குள் இருந்து, ஸ்ரியரிங்கில் வைத்து, புதிதாக ஒன்று எழுதினேன். அவளுடைய பெயரை, அரசாங்கக் கடதாசியில் உள்ளபடி, பின்னால் என் பெயரோடு, மேலே முதலாவதாக எழுதினேன். அந்தப் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தரம். குளிருக்கு ஒட்டுநாடா பிடிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, ஒட்டும்வரை பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் பனி தள்ளுகிறவர்களின் விளம்பரம் ஒன்று மட்டும் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பூட்டினேன்.